பரீட்சைக்கு முந்தின ஆறு வாரம்

(ஆஸ்பத்திரி ஞாயிறு மாலையில் ஆதரவாளர்களுக்காக நடந்த கூட்டத்தில், நம் நர்சிங் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாகப் பணி செய்துவரும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்த மேடையில் நம் டாக்டர்கள் பேசுவார்கள். புதிய ஆபரேஷன் தியேட்டர், புதிய எக்ஸ்ரே மெஷின், பிரசவ வார்டுக்குக் கட்டிய கூடுதல் அறைகள் என்று நீங்கள் கண்ணால் பார்க்கக் கூடிய காரியங்களைச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அப்படிப் படம் எடுத்துக் காட்ட முடியாத ஒன்று. நம் நர்சிங் ஹாஸ்டலின் மாடியில், வருடத்தில் ஆறு வாரம் மட்டும், விடியற்காலை நாலு மணிக்கே விளக்கு எரியும். அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதைப் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு கடிதம் காரணம். 2018ஆம் ஆண்டு நம் ஆதரவாளர்களில் வயதான ஒரு பெரியவர் எனக்கு எழுதினார். அவரும் அவருடைய சபையாரும் சேர்ந்து ஒரு மாணவியின் படிப்புச் செலவைத் தாங்கி வந்தார்கள். கடிதத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. "நாங்கள் படிக்க வைத்த பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் எழுத முடியாமல் மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அன்றைக்குச் சுருக்கமாக எழுதிய பதிலை இன்றைக்கு உங்களுக்கு விரிவாகச் சொல்கிறேன்.

ஏன் இந்தப் பரீட்சை இவ்வளவு பெரியது?

நம் பள்ளியில் நடப்பது ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி என்கிற மூன்று வருடப் பட்டயப் படிப்பு. சுருக்கமாக ஜி.என்.எம். என்பார்கள். ஒவ்வொரு வருடமும் பரீட்சை உண்டு. ஆனாலும் கடைசி வருடத்துப் பரீட்சை வேறு மாதிரி. அதைத் தாண்டினால்தான் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாமல் ஒருத்தி எத்தனை வருடம் வார்டில் நின்று உழைத்திருந்தாலும் அவளைப் பதிவு பெற்ற நர்ஸ் என்று சொல்ல முடியாது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. மேற்படிப்புக்கும் போக முடியாது.

ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் ஐம்பது சதவீதம், செய்முறைத் தேர்விலும் தனியாக ஐம்பது சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் மிக நன்றாகச் செய்து மற்றதில் விட்டதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு பாடத்தில் இரண்டு மார்க் குறைந்தாலும் அடுத்த தேர்வு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு வசதியுள்ள வீட்டுக்குச் சில மாதம்தான். நம் பிள்ளைகளின் வீட்டுக்கு அது வட்டிக்கு வாங்கிய பணம். "படித்தது போதும், மாப்பிள்ளை பார்த்தாயிற்று" என்று சொல்லக் காத்திருக்கும் உறவினர்களுக்கு அது ஒரு சாக்கு.

இந்தப் பரீட்சைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டிலேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மிஷன் ஆஸ்பத்திரியும் தன் பிள்ளைகளைத் தானே பயிற்றுவித்து, தானே சோதித்து, தானே சான்றிதழ் கொடுத்தது. ஒரு ஊரில் கொடுத்த சான்றிதழுக்கு அடுத்த ஊரில் என்ன மதிப்பு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தென்னிந்திய மிஷன் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பொதுவான தேர்வு வாரியம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. 1926இல் சென்னை மாகாணத்தில் நர்சுகள், மிட்வைஃபுகளுக்கான சட்டம் வந்தது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து நம் பிள்ளையைச் சோதிப்பது நம்மை அவமானப்படுத்த ஏற்பட்ட வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டிலில் படுத்திருக்கிற நோயாளிக்கு நாம் கொடுக்கிற உத்தரவாதம் அது. இந்தப் பெண்ணின் கையில் உங்கள் உயிரைக் கொடுக்கலாம் என்று, அவளைப் பிள்ளையாய் வளர்க்காத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு மில்லி மருந்து

அந்த உத்தரவாதம் ஏன் வேண்டும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பெருமைக்குரிய கதை இல்லை.

1989ஆம் ஆண்டு நான் இரண்டாம் வருட மாணவி. குழந்தைகள் வார்டில் டியூட்டி. நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன். ஜென்டாமைசின் என்ற மருந்தைப் பற்றி எது கேட்டாலும் பக்கம் மாறாமல் ஒப்பிப்பேன். அந்த மருந்து 80 மில்லிகிராம், 2 மில்லியில் கரைத்துச் சின்னக் குப்பியில் வரும். அதற்கு முந்தின இரண்டு மாதம் பெரியவர்கள் வார்டில் இருந்தேன். அங்கே தினமும் குப்பி முழுவதையும் உறிஞ்சிப் போடுவது என் கைக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் எழுதியிருந்தது 20 மில்லிகிராம். அதாவது அரை மில்லி. நான் சீட்டை வாசித்தேன். வாசித்துவிட்டு, பழகின கை பழகினபடியே இரண்டு மில்லியையும் சிரிஞ்சில் உறிஞ்சியது. கட்டில் பக்கத்தில் போய் நின்றபோது வார்டு சிஸ்டர் என் கையைப் பிடித்தார். சத்தம் போடவில்லை. "எத்தனை மில்லி எடுத்திருக்கே? ஏன் அத்தனை?" என்று மட்டும் கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. சிஸ்டர் கை பிடித்ததனால் நேரவில்லை. நாலு மடங்கு மருந்து போயிருந்தால் அந்தப் பிஞ்சுக் குழந்தையின் சிறுநீரகமும் காதும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிட்டுப் போகும். அந்த வருடம் மருந்தியலில் எங்கள் வகுப்பில் நான்தான் முதல் மார்க். ஒப்பிக்கத் தெரிந்ததற்குக் கிடைத்த மார்க் அது. ஒரு பரீட்சை அப்படியும் ஏமாந்து போகலாம் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

நூறு சதவீதம் என்ற ஆசை

இப்போது 2018க்கு வருகிறேன். அந்தப் பெரியவர் கேட்ட பிள்ளை மலையடிவாரத்து ஊரைச் சேர்ந்தவள். தகப்பனார் செங்கல் சூளையில் வேலை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். வார்டில் அவளுக்கு நிகர் யாருமில்லை. பிரசவ வலியில் இருக்கிற தாய்மார் வேறு யாரையும் கூப்பிடாமல், "அந்த மெலிஞ்ச சிஸ்டரை வரச் சொல்லுங்க" என்று இவளைத்தான் கேட்பார்கள்.

பரீட்சைக்கு ஆறு வாரம் முன்னால் நாங்கள் மாடல் தேர்வு வைப்போம். அதில் அவள் பிரசவ நர்சிங் பாடத்தில் முப்பது சதவீதம்கூட எடுக்கவில்லை.

இங்கேதான் உங்கள் முன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியைகள் கூட்டத்தில் நான் எழுந்து, "இவளை இந்தத் தடவை அனுப்ப வேண்டாம், அடுத்த தடவை எழுதட்டும்" என்றேன். வருகைப் பதிவு சரியாக இருந்தது. உள் மதிப்பீட்டு மார்க்கும் இருந்தது. விதிப்படி அவளுக்குப் பரீட்சை எழுதத் தகுதி இருந்தது. அப்படியிருந்தும் ஏன் சொன்னேன்? அதற்கு முந்தின இரண்டு வருடமும் இந்தச் செய்திமடலில் "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். நீங்கள் எல்லோரும் பாராட்டி எழுதினீர்கள். மூன்றாவது வருடமும் அப்படிப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுடைய நன்மைக்காகச் சொல்கிறேன் என்றுதான் என்னையே நம்ப வைத்திருந்தேன்.

பிரின்சிபால் அம்மா என்னைப் பார்த்தார்கள். "அவ எந்தக் கேள்வியில விழுந்தா, ஏன் விழுந்தான்னு பார்த்தீங்களா?" என்றார்கள். நான் மார்க்கைப் பார்த்திருந்தேனே தவிர, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விடைத்தாளைப் பார்க்கவில்லை. "பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

விடைத்தாள் சொன்னது

மறுநாள் மாலை அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் கேள்வி பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கைப் பற்றியது. காரணங்களைப் பட்டியல் போடச் சொல்லி ஒரு பகுதி, உடனே நர்ஸ் செய்ய வேண்டியதை விவரிக்கச் சொல்லி ஒரு பகுதி. அவள் காரணங்களை நாலு பக்கம் விவரித்து எழுதியிருந்தாள். செய்ய வேண்டியதை நாலே வரியில் பட்டியல் போட்டிருந்தாள். "லிஸ்ட்", "எக்ஸ்ப்ளெயின்" என்ற இரண்டு ஆங்கில வார்த்தைகளின் வித்தியாசத்தை மூன்று வருடமாக யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சரி, தமிழில் சொல்லு. பிரசவம் ஆன தாய்க்கு இரத்தம் கொட்டுகிறது. என்ன செய்வாய்?" என்றேன்.

மூச்சு விடாமல் சொன்னாள். "உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன் மேடம். கூப்பிட்டுக்கிட்டே வயித்துல கை வெச்சு கர்ப்பப்பையைத் தேய்ச்சு விடுவேன். இறுகிச்சான்னு பார்ப்பேன். ஆக்ஸிடோசின் போட ஏற்பாடு பண்ணுவேன். டிரிப்புக்கு ஊசி ஏத்துவேன். மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா கதீட்டர் போட்டுக் காலி பண்ணுவேன். அது நிறைஞ்சிருந்தா கர்ப்பப்பை இறுகாது. நஞ்சு முழுசா வந்திச்சான்னு பார்ப்பேன். நாடியும் பிரஷரும் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

ஒன்றையும் விடவில்லை. ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். 1989இல் எனக்குத் தெரியாமல் போன அந்த "ஏன்" இவளுக்குத் தெரிந்திருந்தது.

விடைத்தாளின் கடைசியைப் புரட்டினேன். கடைசி இரண்டு கேள்விக்கும் வெறும் தாள். முதல் கேள்விக்கே ஒரு மணி நேரத்திற்கு மேல் செலவழித்திருந்தாள். "ஏன்மா இப்படி?" என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு, "முந்தின ராத்திரி நைட் டியூட்டி மேடம்" என்றாள்.

ஆக, மூன்று காரணங்கள். கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லை. நேரத்தைப் பங்கிடத் தெரியவில்லை. தூக்கம் இல்லை. மூன்றில் ஒன்றாவது அவளுடைய நர்சிங் அறிவைப் பற்றியதா? மூன்றையும் சரி செய்ய வேண்டிய பொறுப்பு எங்களுடையது.

ஆறு வாரத்தில் என்ன செய்தோம்

முதலில் தூக்கத்தைச் சரி செய்தோம். இது கேட்கச் சுலபமாக இருக்கும். மாணவிகள் இரவு டியூட்டி பார்க்காவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது? நோயாளி பரீட்சை முடியும்வரை காத்திருக்க மாட்டார். நம் ஸ்டாஃப் நர்சுகள் கூடுதல் இரவுகளை ஏற்றுக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற இரண்டு நர்சுகளைத் தற்காலிகமாக அழைத்தோம். அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் உங்கள் காணிக்கையிலிருந்து வந்தது. கணக்குப் புத்தகத்தில் அது "வார்டு செலவு" என்று ஒரு வரியில் அடங்கிவிடும். உண்மையில் நீங்கள் வாங்கிக் கொடுத்தது பிள்ளைகளுக்கு ஆறு வாரத் தூக்கம்.

இரண்டாவது, வாசிக்கும் முறையை மாற்றினோம். நம் பிள்ளைகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை வாசிப்பார்கள். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகமாகச் சொன்னார்கள். ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்தோம். ஒரு பாடத்தை ஒரு தடவை வாசி. புத்தகத்தை மூடு. வெறும் தாளில் எழுது. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர். நாலு நாள் கழித்து மறுபடியும் எழுது. முதல் வாரம் பிள்ளைகள் அழுதார்கள். தெரியும் என்று நினைத்தது எவ்வளவு தெரியவில்லை என்று அந்தச் சிவப்பு மை காட்டிவிட்டது. நாலாவது வாரம் தாளில் சிவப்பு குறைந்தது.

மூன்றாவது, ஆங்கிலம். பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கேள்வியின் முதல் வார்த்தைகளை மட்டும் பொறுக்கினோம். டிஃபைன் என்றால் இரண்டு வரியில் பொருள் சொல். லிஸ்ட் என்றால் எண் போட்டு வரிசையாக எழுது, விளக்காதே. டிஃபரென்ஷியேட் என்றால் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுது. எக்ஸ்ப்ளெயின் என்றால் எப்படி, ஏன் என்று சொல். ஒரு பெரிய அட்டையில் எழுதிச் சாப்பாட்டு அறையில் மாட்டினோம். ஊரில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று மாலை சைக்கிளில் வந்து சிறிய வாக்கியங்கள் எழுதப் பழக்கினார். "நாலு வார்த்தையில் எழுது, சரியாக எழுது. நாற்பது வார்த்தையில் எழுதி வழி தவறாதே" என்பது அவர் பாடம்.

நாலாவது, கடிகாரம். எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம், எழுபத்தைந்து மார்க். ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் நூற்றைம்பது நிமிடம். மீதி முப்பது நிமிடத்தில் முதல் பத்து கேள்வியை வாசிக்க, கடைசி இருபது திருப்பிப் பார்க்க. பதினைந்து மார்க் கேள்வி அரை மணியோடு முடிய வேண்டும், முடியாவிட்டாலும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மணி அடித்து எழுத வைத்தோம்.

ஐந்தாவது, கணக்கு. காலையில் வார்டில் டியூட்டி மாறும் நேரத்தில் ஒரு கணக்கு. அரை லிட்டர் சலைன் நாலு மணி நேரத்தில் போக வேண்டும். இந்தக் குழாயில் ஒரு மில்லிக்குப் பதினைந்து சொட்டு. நிமிடத்திற்கு எத்தனை சொட்டு? ஐந்நூறைப் பதினைந்தால் பெருக்கி, இருநூற்று நாற்பது நிமிடத்தால் வகுத்தால் முப்பத்தொன்று. பிறகு கடிகாரத்தைப் பார்த்து நிஜமாகவே சொட்டை எண்ணி அமைக்க வேண்டும். குழந்தைகளுக்கான மருந்துக் கணக்கை நானே கேட்பேன். எந்த மருந்தை முதலில் கேட்பேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக, செய்முறை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975இல் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். ஒரு பெரிய சோதனைக்குப் பதில் பல சிறிய நிலையங்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரே ஒரு வேலை, முன்பே எழுதி வைத்த சரிபார்ப்புப் பட்டியல். நாங்கள் வகுப்பறையில் பெஞ்சுகளைத் தள்ளிப்போட்டு அதுபோல அமைத்தோம். ஒரு நிலையத்தில் கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அநேகம் பிள்ளைகள் நேரே கையை வைத்துவிட்டார்கள். முதலில் அந்தத் தாயைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை மேலே தள்ளப்பட்டு உயரம் தப்பாகத் தெரியும், தாய்க்கும் வேதனை. பிறகு கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இதில் எதுவும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள். பதிலுக்கு அவர்கள் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொண்டோம். அவளுடைய தகப்பனார் தினமும் சாயங்காலம் சூளை முதலாளியின் போனிலிருந்து கூப்பிட்டு, "பாஸ் பண்ணிருவியாம்மா?" என்று கேட்பார். போனை வைத்ததும் அவளுக்கு ஒரு மணி நேரம் படிப்பு ஓடாது. நான் அவரிடம் பேசினேன். "ஐயா, அதைக் கேட்காதீங்க. சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேளுங்க" என்றேன். அன்று முதல் அவர் அதையே கேட்டார்.

முடிவு வந்த நாள்

பிரின்சிபால் அம்மா அவளை அனுப்பினார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். பரீட்சைக்குப் போகும் காலையில் எல்லோருமாக ஜெபித்துவிட்டு, இட்லி சாப்பிட வைத்து அனுப்பினோம். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கேள்வி கேட்டார். வெளியே வந்து என்னிடம், "இந்தப் பெண்ணை உங்கள் பிரசவ வார்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

முடிவு வந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள். அவள் எல்லாப் பாடத்திலும் செய்முறையிலும் தேறி, பிரசவ நர்சிங் எழுத்துத் தேர்வில் மட்டும் மூன்று மார்க்கில் தவறிவிட்டாள்.

அன்றிரவு, நான் முதலில் சொன்னதுதான் சரியோ என்று எனக்குத் தோன்றியது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் சாப்பாட்டு அறையில், அந்த அட்டைக்குக் கீழே, வெறும் தாளும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. முப்பது சதவீதத்திலிருந்து அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதை மார்க் பட்டியல் சொல்லவில்லை. அந்த ஆறு வாரத்தை நாங்கள் அவளுக்கு மறுத்திருந்தால் அந்தத் தூரத்தை அவள் கடந்திருக்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவரின் கடிதம் வந்தது. "தேறிவிட்டதா?" என்ற கேள்வி. மூன்று நாள் கழித்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். தேறவில்லை. மூன்று மார்க் குறைவு. ஆங்கிலம் முழுமையாகக் கைவரவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதுவாள். தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் சபையார் உதவியை நிறுத்த விரும்பினால் எங்களுக்கு வருத்தமில்லை என்று எழுதி முடித்தேன்.

ஒரு வாரத்தில் தபால் கார்டு வந்தது. நடுங்குகிற கையெழுத்து. ஒரே வரி. "மறுபரீட்சைக்குக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்?"

அந்தக் கார்டை அவளிடம் காட்டினேன். வாசித்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து எழுதினாள், தேறினாள். இன்றைக்கு நம் பிரசவ வார்டில்தான் இருக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, முதல் வருடப் பிள்ளை ஒருத்தி சிரிஞ்சோடு நிற்க, இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "எத்தனை மில்லி எடுத்திருக்கே? ஏன் அத்தனை?" அந்தக் கேள்வியை நான் வகுப்பில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, அது அவள் வாயிலிருந்து வந்தது.

உங்களிடம் கேட்பது

அன்பானவர்களே, முடிக்கும் முன் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, அந்த ஆறு வாரம். மாணவிகளுக்குப் பதிலாக இரவில் நிற்கிற நர்சுகளின் சம்பளத்திற்கு ஒவ்வொரு வருடமும் பணம் தேவை. இதற்குப் பெயர்ப் பலகை வைக்க முடியாது. ஆனாலும் கொடுங்கள்.

இரண்டு, மறுபரீட்சை நிதி. முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்குப் பரிசு கொடுக்க அநேகர் முன்வருகிறார்கள். சந்தோஷம். மூன்று மார்க்கில் தவறின பிள்ளைக்குக் கட்டணமும் அந்த ஆறு மாதத்து ஹாஸ்டல் சாப்பாடும் கொடுக்க ஆள் குறைவு. உண்மையில் அப்போதுதான் அவளுக்குக் கை தேவை.

மூன்று, உங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலை வந்து ஆங்கிலத்தில் சிறிய வாக்கியம் எழுதச் சொல்லிக் கொடுங்கள். முதல் வருடத்திலிருந்தே தொடங்கினால் கடைசி வருடத்தில் யாரும் அழ வேண்டியிருக்காது.

2018க்குப் பிறகு இந்தச் செய்திமடலில் தேர்ச்சி சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போடுவதை நிறுத்திவிட்டோம். சிலர் ஏன் என்று கேட்டார்கள். இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், தவறினவர்களுக்கு என்ன செய்கிறோம் என்ற மூன்றையும் சேர்த்தே உங்களுக்கு எழுதுவோம்.

அந்தப் பெரியவர் இப்போது நம்மோடு இல்லை. அவருடைய தபால் கார்டு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பரீட்சை முடிவு வருகிற நாளில் அதை ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் பட்டியலைத் திறப்பேன்.

இந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த திங்கட்கிழமை அந்த ஆறு வாரம் தொடங்குகிறது. விடியற்காலையில் உங்களுக்கு விழிப்பு வந்தால், நம் ஹாஸ்டல் மாடியில் விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு அவர்களுக்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.